யூரோராக் மாடுலுக்குப் பேனலும் பிசிபியும் வடிவமைப்பது: முதல் கோட்டிலிருந்து முதல் ஒலி வரை

பிரெட்போர்டில் சர்க்யூட் ஓடிவிட்டது, அதை யூரோராக்கில் (மாடுலர் சிந்தசைசரின் பகுதிகளைத் தனித்தனி மாடுலாக ஏற்றும் சட்டகம்) ஏற்றும் மாடுலாக ஆக்க வேண்டும் என்பவர்களுக்கான வழிகாட்டி இது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சர்க்யூட்டில் தடுக்கி விழுவதில்லை. பேனல் துளையும் பலகையில் (பிசிபியில்) உள்ள ஜாக்கும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், அல்லது பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) உட்காரும் இடத்துக்கு அடியில் வேறொரு பாகத்தின் கால் நீட்டிக்கொண்டிருக்கும். வேலைகளின் வரிசை மாறியதுதான் காரணம்: சர்க்யூட்டை வரைந்து, பலகையை முடித்து, கடைசியில் பேனலை வரைகிறார்கள். இங்கே வரிசை தலைகீழ். பேனல்தான் முதலில்.

உதாரணத்துக்கு ஒரே மாடுலை எடுத்துக்கொள்வோம்: மூன்று சேனல் அட்டெனுவெர்ட்டர் மிக்சர், அதாவது ஒவ்வொரு சிக்னலையும் குறைத்தோ தலைகீழாக்கியோ கூட்டித் தருவது. மூன்று இன்புட், மூன்று பாட், ஒரு அவுட்புட், ஒரு எல்இடி, நான்கு ஆப்-ஆம்ப் கொண்ட ஒரே ஒரு டிஎல்074 ஐசி. அகலம் 6 எச்பி, அதாவது ஏறத்தாழ 30 மி.மீ. பிசிபி வரையும் மென்பொருள் கைகேட் (KiCad), இலவசம், இந்த வேலைக்குத் தேவையான எல்லாம் அதில் உண்டு.

1. வரையத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாகங்களை முதலில் வாங்குங்கள், அப்புறம் வரையுங்கள். ஜாக், பாட், எல்இடி, நாப், பவர் ஹெடர் ஆகிய ஐந்தும் மேசையில் இருக்க வேண்டும். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் பிறகு வரலாம்; அவற்றின் அளவுகள் பெரும்பாலும் தரப்படுத்தப்பட்டவை. ஆனால் '3.5 மி.மீ. மோனோ ஜாக்' என்ற ஒரே பெயரில் பத்து விதமான கால் அமைப்புகள் விற்கின்றன. பாட்டும் அப்படியே.

யூரோராக்கில் பரவலாகப் பயன்படுவது பிஜே398எஸ்எம் வகைச் செங்குத்து ஜாக். பாட் என்றால் ஆல்ஃபா 9 மி.மீ. செங்குத்து வகை. வேறு காரணம் இல்லையென்றால் இந்த இரண்டையே எடுங்கள். இரண்டும் பலகையின் மேல் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்பதால் பேனல் சமமாக உட்காரும், கைகேட் நூலகத்தில் இரண்டுக்கும் ஃபுட்பிரிண்ட்டும் (பாகத்தின் கால்கள் பலகையில் உட்காரும் அமைப்பு) தயாராக உள்ளது.

ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிபர் அவசியம். அளவுகோலில் 6.0-க்கும் 6.2-க்கும் வித்தியாசம் தெரியாது. பேனலில் அந்த வித்தியாசம்தான் ஜாக் நுழைகிறதா இல்லையா என்று முடிவு செய்கிறது.

2. பேனலின் நிலையான அளவுகள்

யூரோராக்கைத் தொடங்கிவைத்த டோப்ஃபர் நிறுவனத்தின் ஏ-100 வழியாக வந்த அளவுகளே இன்றும் விதி. உயரம் 128.5 மி.மீ. அகலத்தை எச்பி கணக்கில் சொல்வார்கள். ஒரு எச்பி 5.08 மி.மீ. 6 எச்பி என்றால் 30.48 வரும், ஆனால் பேனலை அந்த அளவுக்கு வெட்டக் கூடாது. பக்கத்து மாடுலுடன் உரசாமல் இருக்கக் கொஞ்சம் குறைக்க வேண்டும். டோப்ஃபர் பட்டியலில் 4 எச்பிக்கு 20.0, 6-க்கு 30.0, 8-க்கு 40.3, 10-க்கு 50.5, 12-க்கு 60.6 மி.மீ.

திருகுத் துளைகள் 3.2 மி.மீ. விட்டம். மேல் விளிம்பிலிருந்து 3 மி.மீ., கீழ் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே, அதாவது இரண்டுக்கும் இடையே 122.5. இடது விளிம்பிலிருந்து முதல் துளை 7.5 மி.மீ. தள்ளி, அடுத்தது எங்கே வைத்தாலும் அதிலிருந்து 5.08-இன் மடங்கில் இருக்க வேண்டும். நம் பேனலில் மேலே இடது பக்கம் 7.5-இல் ஒன்று, கீழே வலது பக்கம் 22.74-இல் ஒன்று. குறுகிய பேனலுக்கு இரண்டு திருகு போதும். துளையை வட்டமாக இல்லாமல் கிடைமட்ட நீள்துளையாக வைத்தால், நகரும் நட்டு இல்லாமல் திருகுப்பட்டை உள்ள ராக்கிலும் சிக்கல் வராது.

புதியவர்கள் தவறவிடும் இன்னொன்று ரெயில். பேனலின் பின்னால் மேலும் கீழும் ஏறத்தாழ 10 மி.மீ. வரை ராக்கின் அலுமினியப் பட்டை வந்துவிடும். பேனலின் உயரத்துக்கே பிசிபியையும் வரைந்தால் மாடுல் உள்ளேயே போகாது. பலகையை 108 மி.மீ.க்கு மேல் போகவிடாதீர்கள். 100 மி.மீ.க்குள் அடக்க முடிந்தால் இன்னும் நல்லது: பல பிசிபி தொழிற்சாலைகளில் 100-க்கு 100 வரைதான் மலிவு விலை, அதைத் தாண்டினால் விலை தாவும். நம் பலகை 28-க்கு 100.

3. பேனலில் இடம் ஒதுக்குவது

பேனலின் இடது மேல் மூலையைப் பூஜ்யப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லா அளவும் அங்கிருந்துதான், பேனல் கோப்பிலும் சரி, பலகைக் கோப்பிலும் சரி. இந்த முழு வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதென்றால் இதைப் பின்பற்றுங்கள். கைகேடில் கிரிட் ஆரிஜினை அந்த மூலைக்கு நகர்த்தி, ஆயத்தொலைவுகள் அதிலிருந்து காட்டப்படும்படி அமைத்துவிட்டால் இரண்டு கோப்பும் ஒரே மொழி பேசும். பலகையின் ஆரிஜினும் பேனலின் மூலைதான். பலகையின் மூலை அல்ல.

நம் மாடுலுக்கு இப்படி ஒதுக்கலாம் (குறுக்கே, கீழே என்ற வரிசையில், மி.மீ.):

- பாட் மூன்றும்: (15, 28), (15, 50), (15, 72)
- இன்புட் 1, 2: (8.5, 92), (21.5, 92)
- இன்புட் 3, அவுட்புட்: (8.5, 107), (21.5, 107)
- எல்இடி: (25, 80)
- பலகையின் எல்லை: குறுக்கே 1 முதல் 29 வரை, கீழே 14 முதல் 114 வரை

ஜாக்குகளுக்கு இடையே 13 மி.மீ. விட்டிருப்பதற்குக் காரணம் பிளக்கின் தடிமன். 12-க்குக் கீழே போனால் பக்கத்துக் கேபிளைப் பிடுங்காமல் ஒன்றைக் கழற்ற முடியாது. பாட்டுகளுக்கு இடையே 22 மி.மீ.; 13 முதல் 15 மி.மீ. விட்டமுள்ள நாப் போட்டாலும் விரல் நுழைய இடம் இருக்கும். நாப் இல்லாத வெறும் தண்டை வைத்து இடைவெளியை முடிவு செய்வது மிகவும் சகஜமான தவறு.

ஜாக்குகள் கீழே, பாட்டுகள் மேலே. கேபிள் கீழ்நோக்கித் தொங்குவதால் நாப்களை மறைக்காது. அதே காரணத்தால் ஜாக்கின் பெயரை அதற்கு மேலே எழுதுங்கள். எழுத்து, துளையின் மையத்திலிருந்து 6 மி.மீ.யாவது தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் நட்டு அதை மூடிவிடும்.

எல்இடியை நான்கு ஜாக்குகளுக்கு நடுவே வைக்கத் தோன்றும், பார்க்கவும் அழகாக இருக்கும். கேபிள்களைச் செருகிய பிறகு அது கண்ணில் படவே படாது. அதனால்தான் மேலே ஓரமாக.

4. தாளில் அச்சிட்டு அட்டையில் ஒட்டிப் பார்ப்பது

பேனல் வரைபடத்தை 100 சதவீத அளவில் அச்சிடுங்கள். பிரிண்டர் அமைப்பில் 'பக்கத்துக்குள் பொருத்து' என்பது இயங்கிக்கொண்டிருந்தால் 3, 4 சதவீதம் சுருங்கிவிடும். அச்சிட்ட தாளில் 128.5 மி.மீ. சரியாக வருகிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள்.

தாளைத் தடித்த அட்டையில் ஒட்டி, துளைகளை வெட்டி, ஜாக்கையும் பாட்டையும் நட்டுப் போட்டு மாட்டுங்கள். நாப்களையும் போட்டு, நான்கு கேபிள்களையும் செருகுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நடு நாப்பைத் திருப்பிப் பாருங்கள். பக்கத்து நாப் சேர்ந்து திரும்பினால் இடைவெளி போதாது. இந்த அரை மணி நேரத்தைத் தவிர்ப்பவர்கள் அதே பாடத்தை இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வரும் பேனலிடம் கற்கிறார்கள்.

5. சர்க்யூட் வரைபடம்

ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ஆப்-ஆம்ப். இன்புட்டிலிருந்து 100கே ரெசிஸ்டர் இன்வெர்ட்டிங் காலுக்கு, அங்கிருந்து இன்னொரு 100கே அவுட்புட்டுக்கு. 100கே லீனியர் பாட்டின் ஒரு முனை இன்புட்டில், மறு முனை கிரவுண்டில், நடுக்கால் நான்-இன்வெர்ட்டிங் காலில். நாப் ஒரு கோடியில் சிக்னலை அப்படியே தரும், நடுவில் பூஜ்யம், மறு கோடியில் தலைகீழ். மூன்றின் அவுட்புட்டும் 100கே வழியாக நான்காவது ஆப்-ஆம்பில் கூட்டப்படும்.

கூட்டும் கட்டம் சிக்னலைத் திருப்பிப் போடும். அதைச் சரிசெய்ய ஐந்தாவது ஆப்-ஆம்ப் சேர்க்க வேண்டாம். பாட்டின் இரண்டு முனைகளையும் மாற்றினால் போதும். தண்டு உங்களைப் பார்த்தும் கால்கள் கீழேயும் இருக்கும்போது இடதுகால் 1, வலதுகால் 3. வலப்பக்கம் திருப்பினால் நடுக்கால் 3-ஐ நோக்கிப் போகும். எனவே இன்புட்டை 1-இலும் கிரவுண்டை 3-இலும் இணையுங்கள். வலப்பக்கம் முழுதாகத் திருப்பினால் நேர் சிக்னல் வரும். பொதுவாக எந்த மாடுலிலும் பாட்டின் 1, 3 கால்கள் இடம் மாறுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பலகை வந்த பிறகு ஒவ்வொரு பாட்டிலும் தடத்தை வெட்டி வயர் போட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு இன்புட் ஜாக்கின் ஸ்விட்ச் காலையும் (கேபிள் செருகாதபோது டிப்பைத் தொடும் கால்) கிரவுண்டில் இணைத்துவிடுங்கள். தொங்கவிட்டால், பயன்படுத்தாத இன்புட் ஹம் பிடிக்கும்.

அவுட்புட்டில் 1கே ரெசிஸ்டர் வேண்டும். யாராவது இரண்டு அவுட்புட்டைத் தெரியாமல் இணைத்துவிட்டால் ஐசியைக் காப்பது அதுதான். ஆனால் அதை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். ஃபீட்பேக் சுற்றுக்கு வெளியே வைத்தால், எதிரே 100கே இன்புட் உள்ள மாடுலில் செருகும்போது சுமார் 1 சதவீதம் குறையும். ஆடியோவில் இது காதுக்கே தெரியாது. ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்ற பிட்ச் சிக்னலில் ஆக்டேவுக்கு ஏறக்குறைய 12 சென்ட் (ஒரு செமிடோன் 100 சென்ட்) சுருதி குறையும். ஐந்து ஆக்டேவில் ஏறக்குறைய 60 சென்ட், அதாவது ஒரு செமிடோனில் பாதிக்கும் மேல். ஆகவே 1கே-யை ஃபீட்பேக்குக்கு உள்ளே வையுங்கள்: ஃபீட்பேக் ரெசிஸ்டரை அந்த 1கே-க்கு அப்பால், ஜாக் பக்கத்திலிருந்து எடுங்கள். ஆப்-ஆம்பின் அவுட்புட் காலிலிருந்து நேராக இன்வெர்ட்டிங் காலுக்கு ஒரு 33 பிக்கோஃபாரட் போட்டால் நீளக் கேபிளிலும் ஊசலாடாது. இரு நிற எல்இடியை 4.7கே வழியாக ஆப்-ஆம்பின் அவுட்புட் காலிலேயே இணையுங்கள், ஜாக்கில் அல்ல.

பவர் ஹெடரில் பத்துக் கால்: 1, 2 மைனஸ் 12 வோல்ட், 3 முதல் 8 வரை கிரவுண்ட், 9, 10 பிளஸ் 12. ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் பக்கம். கைகேடில் ஹெடர் சின்னத்தை எடுக்கும்போது ஒற்றை-இரட்டை வரிசை எண்ணிட்ட வகையையே தேர்ந்தெடுங்கள். ஐசி போலச் சுற்றி எண்ணிட்ட சின்னமும் அதே பட்டியலில் இருக்கிறது. அதை எடுத்தால் பவர் இணைப்பு முழுக்கக் குழம்பும், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

இரண்டு பவர் கோட்டிலும் தொடராக ஒரு ஷாட்கி டயோடு போடுங்கள். கேபிளை மாற்றிச் செருகினாலும் ஐசி பிழைக்கும். அதன் பின் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் ஒன்று ஒவ்வொரு கோட்டுக்கும். ஐசியின் 4, 11 கால்களில் தலா ஒரு 100 நானோஃபாரட்.

6. ஃபுட்பிரிண்ட்டின் பூஜ்யப் புள்ளியை மாற்றுவது

பேனலும் பலகையும் பொருந்தாமல் போவதற்கு அதிகம் காரணமான இடம் இது. நூலகத்தில் உள்ள ஜாக்கின் ஃபுட்பிரிண்ட்டில் பூஜ்யப் புள்ளி துளையின் மையத்தில் இல்லை. கிரவுண்ட் காலில் இருக்கிறது. பிஜே398எஸ்எம்-இல் அந்தக் காலிலிருந்து மையம் 6.48 மி.மீ. தள்ளி. பாட்டிலும் பூஜ்யப் புள்ளி முதல் காலில்தான். பேனலில் 8.5, 92 என்று குறித்ததை அப்படியே பலகையில் ஜாக்குக்குக் கொடுத்தால், அந்த இடத்தில் வந்து நிற்பது ஜாக் அல்ல, அதன் ஒரு கால்.

ஒவ்வொரு முறையும் கழித்துக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபுட்பிரிண்ட்டைச் சொந்த நூலகத்துக்கு நகலெடுத்து, பூஜ்யப் புள்ளியைத் துளையின் மையத்துக்கு, பாட்டென்றால் தண்டின் மையத்துக்கு, நகர்த்திச் சேமியுங்கள். அதே ஃபுட்பிரிண்ட்டில் ஒரு பயனர் அடுக்கில் நட்டின் வட்டத்தையும் நாப்பின் வட்டத்தையும் வரைந்துவிடுங்கள். இனி பலகையில் வைக்கும்போதே நாப்கள் இடிக்குமா என்று தெரியும், பேனலின் எண்களை அப்படியே தட்டச்சு செய்யலாம். ஒருமுறை செய்தால் அடுத்து வரும் எல்லா மாடுலுக்கும் உதவும்.

7. பலகையில் பாகங்களை வைப்பது

முதலில் ஜாக், பாட், எல்இடி. பேனலின் எண்களில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் தடம் இழுக்கும்போது கை பட்டு அரை மில்லிமீட்டர் நகரும், கண்ணுக்குத் தெரியாது.

திசையும் முக்கியம். கீழ் வரிசை ஜாக்குகளில் கிரவுண்ட் காலைக் கீழே வைத்தால் 107-உடன் 6.48 சேர்ந்து 113.48 ஆகும், பலகையோ 114-இல் முடிகிறது. திருப்பி வைத்தால் கீழே வருவது டிப் கால் (சிக்னல் கால்), மையத்திலிருந்து ஏறத்தாழ 5 மி.மீ.தான். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் மிச்சம்.

முன்பக்கம் ஜாக்கும் பாட்டும், பின்பக்கம் மற்றதெல்லாம். ரெசிஸ்டரும் ஐசியும் எஸ்எம்டி வகையாக (பலகையைத் துளைக்காமல் மேற்பரப்பில் பற்றவைப்பவை) இருக்கட்டும். 0805 அளவு ரெசிஸ்டரைக் கையாலேயே பற்றவைக்கலாம். கால் நீட்டிய சாதாரண ஐசியை முதல் மாடுலுக்குப் பலர் விரும்புகிறார்கள், ஆனால் அதன் பதினான்கு கால்களும் பலகையைத் துளைத்துக்கொண்டு பாட்டுக்கு அடியில் வந்து நிற்கும். அங்கே பாட்டின் உலோக உடல் உட்காரும். ஒரே பலகை மாடுலில் இதற்கு நல்ல தீர்வு கிடையாது.

பவர் ஹெடரின் கால்களும் முன்பக்கம் நீட்டும். அதனால் முதல் பாட்டுக்கு மேலே, 17 முதல் 20 மி.மீ. வரையுள்ள வெற்றிடத்தில் அதைக் கிடைமட்டமாக வையுங்கள். பெட்டி வகை ஹெடர் இரண்டு திசையிலும் பலகைக்குள் நுழையும். திருப்பிப் பற்றவைத்தால், கேபிளின் திசையைத் தீர்மானிக்கும் அதன் வெட்டு எதிர்ப்பக்கம் போய், கேபிளும் தலைகீழாகவே நுழையும். வெட்டின் இடத்தைச் சில்க்ஸ்கிரீனில் (பலகையில் அச்சாகும் எழுத்து அடுக்கு) வரையுங்கள். மைனஸ் 12 பக்கம் ஒரு தடித்த கோடும் '-12' என்ற எழுத்தும் போடுங்கள்.

ஐசியின் நான்கு ஆப்-ஆம்பில் எது எந்தச் சேனலுக்கு என்று வரைபடத்தில் முதலில் போட்டதையே பிடித்துக்கொள்ளாதீர்கள். பாட்டுக்கு அருகில் வருவதை அந்தச் சேனலுக்குக் கொடுத்து, வரைபடத்தையும் மாற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள். பின்னிக் கிடந்த கோடுகள் பாதிக்குமேல் அவிழும்.

8. தடங்களும் கிரவுண்டும்

சிக்னல் தடம் 0.25 முதல் 0.3 மி.மீ., பவர் தடம் 0.6 அல்லது அதற்கு மேல். தொழிற்சாலைகள் இதைவிட மெல்லியதையும் செய்யும், ஆனால் பிழை வந்தால் கத்தியால் வெட்டி வயர் போடத் தடித்த தடம்தான் வசதி.

வரிசை: முதலில் 100 நானோஃபாரட்கள், ஐசியின் காலை ஒட்டி, 2, 3 மி.மீ.க்குள். அடுத்து இன்வெர்ட்டிங் கால்கள், அதாவது 2, 6, 9, 13. ஒரு ஆப்-ஆம்பில் இரைச்சலை மிக எளிதில் வாங்கும் இடம் அதுதான். அங்கே நீளமான தடம் ஆண்டெனா மாதிரி வேலை செய்யும். அந்தக் காலைத் தொடும் ரெசிஸ்டர்கள் எல்லாம் அதன் அருகிலேயே இருக்க வேண்டும். ஜாக்கிலிருந்து ரெசிஸ்டர் வரை தடம் நீளமாக இருந்தால் பரவாயில்லை. கடைசியாகப் பவர்.

இரு பக்கமும் கிரவுண்ட் நிரப்புங்கள். நிரப்பியபின் பின்பக்க நிரப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். பலகையைக் குறுக்கே இரண்டாகப் பிளக்கும் நீளத் தடம் இருந்தால் அதை முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். எல்இடியின் கிரவுண்ட் ஹெடரை நோக்கிப் போகும் வழியில் இன்புட் ஜாக்குகள் குறுக்கிடாமல் இருந்தால் நல்லது. நம் மாடுலில் எல்இடி ஜாக்குகளுக்கு மேலே இருப்பதால் இது தானாகவே அமைகிறது.

பாட்டின் உலோக உடலுக்கு அடியில் முன்பக்கம் வயா (இரு பக்கச் செம்பையும் இணைக்கும் சிறு துளை) வைக்காதீர்கள். பச்சைப் பூச்சு மெல்லியது. பாட் அழுந்தி உட்காரும் இடத்தில் அது உராய்ந்தால் ஷார்ட். கிரவுண்ட் கால்களுக்கு தெர்மல் ரிலீஃப் (காலைச் செம்பு நிரப்புடன் மெல்லிய கோடுகளால் மட்டும் இணைப்பது) இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஜாக்கின் கிரவுண்ட் காலில் ஈயம் உருகவே உருகாது.

9. பேனலையும் பிசிபியாகவே செய்வது

2 மி.மீ. அலுமினியம் உறுதியானது, ஆனால் ஒன்றிரண்டு மட்டும் செய்ய விலை அதிகம். 6 எச்பி பேனலுக்கு 1.6 மி.மீ. பிசிபி நன்றாகவே தாங்கும். இன்னொரு கைகேட் கோப்பில், அதே பூஜ்யப் புள்ளியில் வரையுங்கள்.

துளை அளவு திருகுமறையைவிடச் சற்றுப் பெரிதாக வேண்டும்: 6 மி.மீ. மறையுள்ள ஜாக்குக்கு 6.2, 7 மி.மீ. மறையுள்ள பாட்டுக்கு 7.2, 3 மி.மீ. எல்இடிக்கு 3.2. சரியாக 6.0 போட்டால் ஒரு ஜாக் நுழையும்; நான்கு சேர்ந்து நுழையாது.

ஜாக் துளைகளை மட்டும் உலோகப் பூச்சுள்ள பேடாக (துளையைச் சுற்றிய செம்பு வளையம்) வைத்து, பேனலின் இருபக்கச் செம்பு நிரப்புடன் இணையுங்கள். ஜாக்கின் மறை கிரவுண்ட், நட்டு அந்த வளையத்தைத் தொடும், முழுப் பேனலும் கிரவுண்டாகிவிடும். கை பட்டால் ஹம் வருவது இதனால் குறையும். மற்ற துளைகள் உலோகப் பூச்சு இல்லாமல் இருக்கலாம்.

எழுத்தின் உயரம் 2 மி.மீ.க்குக் குறையாமல், கோட்டின் தடிமன் 0.2-க்குக் குறையாமல் பாருங்கள். அவுட்புட் ஜாக்கைச் சுற்றி நிரப்பிய கட்டம் ஒன்று போட்டு எழுத்தைத் தலைகீழ் நிறத்தில் விடுங்கள். இருட்டான மேடையிலும் எது அவுட்புட் என்று தெரியும். தொழிற்சாலைகள் பலகையில் தங்கள் ஆர்டர் எண்ணை அச்சிடும். அது பேனலின் முகத்தில் வராமல் பின்பக்கம் இடம் குறிப்பிடுங்கள், அல்லது ஆர்டரிலேயே நீக்கச் சொல்லுங்கள்.

10. பாகங்கள் அதிகமானால்: இரண்டு பலகை

ஆசிலேட்டர், ஃபில்டர் போன்றவை 28 மி.மீ. அகலப் பலகை ஒன்றில் அடங்காது. முன்பலகையில் ஜாக்கும் பாட்டும், பின்பலகையில் சர்க்யூட், நடுவே 2.54 மி.மீ. பின் ஹெடர். வழக்கமான சாக்கெட் 8.5 மி.மீ., ஹெடரின் பிளாஸ்டிக் 2.5, இரண்டும் சேர்ந்து 11 மி.மீ. தூண் வேண்டும்.

இங்கே ஒரே ஒரு பொறிதான், ஆனால் ஆழமானது. பின்பலகையைப் பாகங்கள் உள்ள பக்கமிருந்து பார்த்து வரைந்தால், முன்பலகையோடு ஒப்பிட அது கண்ணாடி பிம்பம். இடது ஹெடர் வலதாகிவிடும். இதைத் தலையில் திருப்பிப் பார்த்துச் சமாளிக்க முயல வேண்டாம். இரண்டு பலகையையும் பேனலின் முன்னிருந்து பார்ப்பது போலவே, அதே பூஜ்யப் புள்ளியில் வரையுங்கள். பின்பலகையின் பாகங்களைக் கீழ் அடுக்கில் வையுங்கள். ஹெடரின் ஆயத்தொலைவு இரண்டு கோப்பிலும் ஒன்றாகவே இருக்கும். எண்களைப் படித்து ஒப்பிட்டால் போதும்.

11. ஆர்டர் கொடுக்கும் முன்

கைகேடின் இரண்டு தானியங்கிச் சோதனைகளும், அதாவது வரைபடத்துக்கான ஈஆர்சியும் பலகைக்கான டிஆர்சியும், பிழையின்றி முடிய வேண்டும். ஆனால் அவை பார்ப்பது வரைபடத்தின் இணைப்பு விதிகளையும், பலகை அந்த வரைபடத்தோடும் இடைவெளி விதிகளோடும் ஒத்துப்போகிறதா என்பதையும் மட்டும்தான். ஃபுட்பிரிண்ட் தவறு என்றாலோ பாட்டின் கால் மாறியிருந்தாலோ அவற்றுக்குத் தெரியாது.

ஆகவே பலகையையும் 100 சதவீதத்தில் அச்சிட்டு, ஸ்பாஞ்ச் மீது வைத்து, உண்மையான ஜாக்கையும் பாட்டையும் குத்திப் பாருங்கள். அப்புறம் பேனலின் தாளையும் பலகையின் தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துளை மையங்கள் எல்லாம் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

தொழிற்சாலைக்கு அனுப்பும் கெர்பரையும் (அடுக்குகளின் கோப்பு) டிரில் கோப்பையும் (துளைகளின் கோப்பு) உருவாக்கியபின் கைகேடின் கெர்பர் பார்வையில் அவற்றைத் திறங்கள். வெளி விளிம்பு மூடிய கோடா, துளைகள் பேடின் நடுவில் விழுகின்றனவா, நீள்துளைகள் இருக்கின்றனவா. நிரப்பைக் கடைசியாக ஒருமுறை புதுப்பித்தீர்களா என்பதும் இங்கேதான் தெரியும். பேனலையும் பலகையையும் ஒரே ஆர்டரில் அனுப்புங்கள், தபால் செலவு மிச்சம்.

12. பற்றவைக்கும் வரிசை

எஸ்எம்டி முதலில், ஐசி உட்பட. ஐசியின் முதல் காலைக் காட்டும் புள்ளியை இருமுறை பாருங்கள். அடுத்து பவர் ஹெடர்: அதன் கால்களை முன்பக்கமிருந்து பற்றவைக்க வேண்டும், பாட் வந்துவிட்டால் சால்டரிங் அயர்ன் சாய்க்க இடம் இருக்காது. நீட்டும் கால்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இப்போது ஜாக், பாட், எல்இடி மூன்றையும் பலகையில் செருகுங்கள். பற்றவைக்காதீர்கள். பேனலை மேலே மாட்டி, எல்லா நட்டையும் கையால் இறுக்குங்கள். பலகையும் பேனலும் இணையாக இருக்கின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். எல்இடியைப் பேனலின் மட்டத்துக்குத் தள்ளுங்கள். அதன் பிறகே ஈயம். பேனலைப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்று ஜாக்குகளை முதலில் பற்றவைப்பவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு டிகிரி சாய்ந்து நிற்கும். நான்கு சாய்ந்த ஜாக்குகள் எந்தப் பேனலிலும் நுழைய மாட்டா. பேனலைக் கட்டாயப்படுத்தி அழுத்தினால் பேட் பிய்ந்து வரும்.

13. முதல் முறை மின்சாரம் கொடுப்பது

ராக்கில் நேராகச் செருகாதீர்கள். ஒரு ஷார்ட் மற்ற மாடுல்களின் பவரையும் இழுத்துவிடும். முதலில் மல்டிமீட்டரில் பிளஸ் 12, மைனஸ் 12, கிரவுண்ட் மூன்றையும் ஒன்றோடொன்று சோதியுங்கள். எங்கும் பீப் கேட்கக் கூடாது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பெஞ்ச் சப்ளை இருந்தால் 50 மில்லியாம்பியரில் வைத்துக் கொடுங்கள். இந்த மாடுல் அதில் கால்வாசிகூட எடுக்கக் கூடாது.

ஐசியின் 4-ஆம் காலில் சுமார் பிளஸ் 11.7, 11-ஆம் காலில் மைனஸ் 11.7 வோல்ட் வர வேண்டும். மிச்சம் டயோடில் போகிறது. வந்துவிட்டால் இன்புட் 1-க்கு 5 வோல்ட் கொடுத்து அவுட்புட்டை அளவிடுங்கள். நாப் வலது கோடியில் பிளஸ் 5, நடுவில் பூஜ்யத்தை ஒட்டி, இடது கோடியில் மைனஸ் 5. திசை மாறியிருந்தால் பாட்டின் 1, 3. ஒரு கோடியில் மட்டும் சரியாக இருந்தால் அந்தச் சேனலின் 100கே-க்களில் ஒன்று சரியாகப் பற்றவில்லை. நாப்பைத் திருப்பும்போது அவுட்புட் படிப்படியாக மாறாமல் 10 வோல்ட்டுக்கு மேல் பிளஸ் பக்கமோ மைனஸ் பக்கமோ ஒட்டிக்கொண்டால் கூட்டும் ஆப்-ஆம்பின் ஃபீட்பேக் துண்டாகியிருக்கிறது. 1கே-யிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள்.

கண்டுபிடித்த திருத்தங்களை அன்றே வரைபடத்திலும் பலகையிலும் செய்து, சில்க்ஸ்கிரீனில் பதிப்பு எண்ணை 1.1 என்று மாற்றிச் சேமியுங்கள். கையில் உள்ள 1.0 பலகையில் வெட்டிய தடத்தையும் போட்ட வயரையும் ஒரு படம் எடுத்து அதே கோப்புறையில் வைத்துவிடுங்கள்.